கட்டிங் முப்பது ரூபாய்

பாதித் தலை வெட்டியிருக்கும்போதே வார்டன் ஞானசேகரன் மெஷினின் பிளக்கைப் பிடுங்கிவிட்டார்.

நாற்காலியில் இருந்த ஆசிமுக்கு இடது பக்கம் முடி இருந்தது, வலது பக்கம் இல்லை. ஆனாலும் யாரும் சிரிக்கவில்லை.

வார்டன் கையில் ஓர் அட்டை. அறைக் கதவிலிருந்து கிழித்தது. 'ஜூமா சலூன். கட்டிங் ரூ.30. ஷேவிங் ரூ.20.'

"படிக்க வந்தியா, கடை போட வந்தியா?"

ஜூமா மெஷினைக் கீழே வைத்தான். தான்சானியாவிலிருந்து வந்து மெக்கானிக்கல் மூன்றாம் வருஷம் படிக்கிறவன்.

"கடை இல்ல சார். சும்மா."

சும்மாதான். வந்த புதிதில் பட்டாபிராமில் இரண்டு சலூன் ஏறி இறங்கினான். இந்த முடிக்கு நம்ம மெஷின் தாங்காதுப்பா என்று இரண்டிலும் அனுப்பிவிட்டார்கள். லீவுக்கு ஊருக்குப் போனவன் சொந்தமாக ஒரு மெஷின் வாங்கிவந்து தனக்குத்தானே வெட்டிக்கொண்டான். அதைப் பார்த்து ஒருத்தன் தலையைக் கொடுத்தான். அப்புறம் இன்டர்வியூவுக்குப் போகிறவனெல்லாம் அவன் அறை வாசலில் வரிசையில் நின்றான்.

ஆசிம் மட்டும் வாயைத் திறந்தான். "காசு வாங்கமாட்டான் சார். ஒரு கட்டிங்குக்கு அஞ்சு தமிழ் வார்த்தை சொல்லிக் குடுக்கணும். அவ்ளோதான்."

"அப்ப இதுல போட்டுகீதே, அது இன்னா? வார்த்தையா, ரூபாயா?"

நேற்றுவரை கதவில் அட்டை எதுவும் இல்லை. யார் ஒட்டினார்கள் என்று ஆசிமுக்குத் தெரியாது.

மாணவர் விசாவில் வந்தவன் தொழில் செய்யக்கூடாது. புகார் போனால் விசா போகும், படிப்பு போகும், மூன்று வருஷம் போகும். வார்டன் விரல் விட்டு எண்ணிச் சொன்னார். நாலு மணிக்கு பிரின்சிபால் ரூமில் விசாரணை என்றார்.

வாசலில் நின்ற ஸ்ரீகாந்த் தரையில் கிடந்த முடியையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் ஹாஸ்டல் இல்லை, ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து வந்துபோகிறவன். கல்லூரித் தொழில்முனைவோர் மன்றத்துக்குச் செயலாளர். மறுநாள் மன்றத்தின் விழா. ஒத்திகைக்கு ஜூமாவைக் கூட்டிப்போக வந்திருந்தான்.

விழாவுக்குப் பெயர் 'உலகமே நம் வளாகம்'. கேட்டில் இருபதடி பேனர். அதில் சிரிப்பது ஜூமாதான். கல்லூரியில் இருக்கிற ஒரே வெளிநாட்டு முகம்.

நாலு மணிக்கு, செயலாளர் என்பதால், ஸ்ரீகாந்தையும் கூப்பிட்டார்கள். காரிடாரில் ஜூமா அவன் பக்கத்தில் வந்து நின்று காதோடு ஒன்று சொன்னான். மிரட்டவில்லை, அழவில்லை. பஸ்ஸில் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்கிற மாதிரி சொன்னான்.

ஸ்ரீகாந்த் தலையை ஆட்டினான்.

உள்ளே பிரின்சிபால் முதலில் ஜூமாவைக் கேட்டார். அட்டையை நீ ஒட்டவில்லை என்றால் யார் ஒட்டியது?

"ஒட்டினவன் சொல்லுவான் சார்."

"ஸ்ரீகாந்த், உனக்கு ஏதாவது தெரியுமா?"

"தெரியாது சார்."

ஜூமா அவன் பக்கம் திரும்பினான். பிறகு ஜன்னலைப் பார்த்தான். அதற்கப்புறம் என்ன கேட்டும் பேசவில்லை. அவனை வெளியே போகச் சொன்னார்கள்.

கதவு சாத்தியதும் மன்றப் பொறுப்பாளர் லோகநாயகி மேடம் கவலையாகச் சொன்னார். "டிஸ்மிஸ் லெட்டரை விழா முடிஞ்சு குடுக்கலாம் சார். நாளைக்கு ஸ்டேஜ்ல அவன் வேணும்."

பிரின்சிபாலுக்கும் அது சரியென்று பட்டது. இதை வெளியே பேசாதே என்று ஸ்ரீகாந்திடம் சொன்னார்கள். அவன் யாரிடமும் பேசவில்லை.

மறுநாள் ஜூமாவுக்கு வேட்டி கட்டிவிட்டார்கள். மேடையில் குத்துவிளக்கில் ஒரு திரியை ஏற்றி வணக்கம் சொன்னான். அரங்கமே கைதட்டியது. பல நாட்டுக்காரர்களோடு பழகினால்தான் தொழில் வளரும் என்று மேடம் மைக்கில் சொன்னார்.

பிறகு புதுத் தொழில் யோசனைப் போட்டி. முதல் பரிசு ஸ்ரீகாந்துக்கு. அவன் யோசனை, ஹாஸ்டலுக்குள்ளேயே மாணவர்கள் நடத்தும் சலூன். முன்வரிசையில் வார்டனும் கைதட்டினார். பையனைப் பாருங்கள், தலைமுடி முதற்கொண்டு எவ்வளவு நேர்த்தி என்று வந்திருந்த விருந்தினர் பாராட்டினார்.

அந்த முடியை முந்தாநாள் வெட்டிவிட்டது ஜூமா.

மூன்றாவது ஸ்லைடில் இருந்த போட்டோவை மட்டும் ஸ்ரீகாந்த் காலையிலேயே அழித்திருந்தான். கடை ஏற்கெனவே நடக்கிற மாதிரி காட்ட, 'ஒரு நிமிஷம் மச்சான், போட்டோவுக்கு' என்று ஜூமாவின் கதவில் தன் கையால் எழுதிய அட்டையை ஒட்டி எடுத்த படம். எடுத்துவிட்டு அட்டையைக் கழற்ற மறந்துபோனான்.

விழா முடிந்ததும் லெட்டரை ஜூமா கையில் கொடுத்துவிட்டார்கள். சாயந்திரம் அவன் பெட்டியோடு கேட்டில் ஆட்டோவுக்கு நின்றான். தலைக்கு மேலே பேனரிலும் அவனேதான், சிரித்துக்கொண்டு. இன்னும் பாதித் தலையோடு இருந்த ஆசிம்தான் பெட்டியைத் தூக்கிப் பின்னால் வைத்தான். ஸ்ரீகாந்த் கேடயத்தை வைத்துக்கொண்டு தூணுக்குப் பின்னால் நின்றான். ஆட்டோ பூந்தமல்லி பக்கம் திரும்புகிறவரை வெளியே வரவில்லை.

முந்தின நாள் காரிடாரில் ஜூமா கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை.

"ஒரு கட்டிங்குக்கு அஞ்சு வார்த்தை குடுப்ப இல்ல மச்சான்? இன்னிக்கு மூணு போதும். உள்ள போய், 'நான்தான் ஒட்டினேன் சார்'னு சொல்லிடு."

அந்த மூன்றில் ஸ்ரீகாந்த் சொன்னது 'சார்' மட்டும்தான்.