பதறாத நெஞ்சு

"சுதா, அந்த நெஞ்சு மாத்திரைய எடு."

சுதாவால் காதை நம்ப முடியவில்லை. "வலியே இல்லாத நெஞ்சுக்கு இன்னாத்துக்கு மருந்து?" என்று மாதக்கணக்காக மாத்திரையைத் தொடாத புருஷன் தேசப்பன், இன்று தானாகக் கேட்கிறான். ஊர்க்கூட்டத்துக்கு இன்னும் நேரமிருந்தது.

வலி காட்டாமலே ரத்தக்குழாய் அடைத்து இதயம் பலவீனமாகிவிட்டது, இனி அது படபடத்து ஓடக்கூடாது என்று மீஞ்சூர் டாக்டர் சொல்லித்தான் அந்த மாத்திரையைக் கொடுத்திருந்தார். கூட்டத்தில் இவன் சாய்ந்துவிட்டால்? அவள் பயம் அவளுக்கு.

அதே ஏரியில் தொழில் செய்யும் தசரதனின் இறால் வலையை யாரோ ஏரியிலேயே அறுத்துவிட்டார்கள். தேசப்பன்தான் என்று அவன் அடித்துச் சொன்னான். குற்றம் உறுதியானால் இந்தப் பருவம் முழுக்க ஏரியில் வலை போட அவனுக்குள்ள முறை பறிபோகும். அடுப்பு எரியாது.

தலைவர் லோகநாதன் சாட்சி கேட்பதில்லை. கேள்வியைக் கேட்டு, பதில் சொல்பவன் மார்பில் உள்ளங்கையை வைப்பார். நெஞ்சு துள்ளினால் பொய். அந்தக் கைக்கு மேல் கோர்ட்டு கிடையாது.

"வலைய நீ அறுத்தியாடா?"

"இல்ல தலைவரே."

லோகநாதன் தேசப்பன் மார்பில் கையை வைத்துக் கண்ணை மூடினார். சுதா முந்தானையைக் கடித்துக்கொண்டாள்.

"காத்தில்லாத ஏரி கணக்கா கெடக்குதுபா! உத்தமன்." கை தசரதன் மார்புக்குப் போனது. "அடேங்கப்பா! இன்னா குதி குதிக்குது! பொய்ப் புகாரு."

"தலைவரே, அது கோவத்துல அடிக்குது!"

"கோவம் எது, பொய் எதுன்னு என் கைக்குத் தெரியாதா? இந்தப் பருவம் நீ ஏரில எறங்காத."

வலையும் போய், முறையும் போய், தசரதன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினான். ஊர் தலைவரின் கையைப் புகழ்ந்துகொண்டே கலைந்தது.

வழியில் சுதா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இன்னிக்காவது எம் பேச்சக் கேட்டு மாத்திரை போட்டியே, அதுவே போதும்யா. செய்யாத தப்புக்கு நெஞ்சு வெடிச்சிருக்கும்."

தேசப்பன் சாவகாசமாகப் பீடி பற்றவைத்தான்.

"செய்யாத தப்புக்கு எவனாச்சும் மாத்திரை போடுவானாடீ?"