முன்கை

முகம் பார்க்கும் கண்ணாடியை மறுபடியும் கவிழ்த்து வைத்தாள்.

கொடுத்தது ஜெசிந்தா. பேச்சுப் பயிற்சி கொடுக்க வருகிற பெண். பத்து நாளாக இதே நேரத்துக்கு வருகிறாள். இதே கண்ணாடியைக் கொடுக்கிறாள். அது கவிழ்வதைப் பார்த்துவிட்டுப் போகிறாள்.

இவளுக்கு நாக்கில் புற்று. இடப்பக்கம் பாதியை எடுத்தாயிற்று. எடுத்த இடத்தில் இடது முன்கைத் தோலை வைத்துத் தைத்திருப்பதாகப் பெரிய டாக்டர் சொன்னார். அவள் தலையாட்டினாள். யார் என்ன சொன்னாலும் தலையாட்டிய நாட்கள் அவை.

இப்போது மூக்கில் குழாய். கஞ்சி அதன் வழியாகத்தான். வாயோரம் எச்சில் நிற்பதில்லை. சேலைத் தலைப்பை வாயிலிருந்து எடுப்பதே இல்லை.

உப்பளத்தில் கூட வேலை செய்யும் பெண்கள் மூன்று முறை பஸ் ஏறி வந்துவிட்டார்கள். வந்து வராந்தாவில் உட்கார்ந்திருப்பார்கள். அவள் வேண்டாம் என்று கையை வீசுவாள். புருஷன் பிச்சைக்கனி வெளியே போய், தூங்குகிறாள் என்பான். அவர்களும் நம்பியவர்களைப் போல எழுந்து போவார்கள்.

இன்றும் வந்திருக்கிறார்கள்.

தூக்கம் எங்கே வந்தது. கண்ணை மூடினால் நெஞ்சு அடித்துக்கொள்ளும். யாரோ வாய்க்குள் வந்து உட்கார்ந்திருப்பது போல இருக்கும். துப்பவும் முடியாது. விழுங்கவும் முடியாது.

ஜெசிந்தா இன்று எழுந்து போகவில்லை. கட்டிலோரம் உட்கார்ந்தாள்.

"பாக்க வேண்டாம்மா. மூச்ச மட்டும் மெதுவா இழுத்து விடுங்க. நானும் விடுறேன்."

இழுத்தாள். விட்டாள். இரண்டு பேரும் சேர்ந்து, அவசரமில்லாமல். எவ்வளவு நேரம் என்று தெரியாது. முதலில் தோள் இறங்கியது. பிறகு தாடை.

அவளே கண்ணாடியைத் திருப்பினாள்.

வாயைத் திறந்தாள்.

வலப்பக்கம் அவளுடைய நாக்கு. சிவப்பு.

இடப்பக்கம் கறுத்த தோல். வெயில் தின்ற தோல்.

அதில் பச்சைப் புள்ளிகள். அவற்றைத் தொட்டுக்கொண்டு வளைந்து போகும் ஒரு கோடு. கோட்டின் முனையில் கொடுக்கு.

கண்ணாடியை மடியில் வைத்துவிட்டு இடது கையைப் பார்த்தாள். மணிக்கட்டிலிருந்து பாதி தூரம் கட்டுப் போட்டிருந்தது. கட்டுக்கு மேலே தேளின் தலை எட்டிப் பார்த்தது. வாலைக் காணவில்லை.

வேலைக்குச் சேர்ந்த வருடம், கோயில் கொடைத் திருவிழாவில், உப்பளச் சேக்காளிகளோடு வரிசையில் உட்கார்ந்து குத்திக்கொண்ட பச்சை. எல்லோருக்கும் தேள்தான்.

முப்பது வருடம் அந்தக் கை உப்புத் தண்ணீரில் கிடந்தது. பலகை பிடித்து உப்பு வாரியது. மகளைத் தட்டித் தூங்க வைத்தது. அது ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசச் சொல்லி யாரும் கேட்டதுமில்லை.

அதுதான் உள்ளே வந்து உட்கார்ந்திருக்கிறது. வேறு யாருமில்லை.

முதல் வாரம் மணிக்கொரு தரம் நர்ஸ் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தது இதைத்தான். உயிரோடு இருக்கிறதா என்று.

இருந்தது.

நாக்கைத் தூக்கச் சொன்னாள் ஜெசிந்தா. பழைய பாதி அசைந்தது. புதிய பாதி தயங்கியது. பிறகு அதுவும் கூடவே, ஒரு உப்புக்கல் அளவுக்கு, எழுந்தது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிச்சைக்கனி குனிந்து பார்த்தான். இத்தனை நாளில் அவனை அவள் பார்க்கவிட்டது இப்போதுதான். வெகுநேரம் பார்த்தான்.

"வெறும் நாக்க வச்சே அந்தக் கொட்டு கொட்டுவ. இனி ஊரு தாங்குமாட்டி?"

கடைசிச் சொல்லில் குரல் உடைந்தது.

அவளிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. கரகரவென்று, ஈரமாக. அது சிரிப்பு என்று அவளுக்கே சற்றுப் பிறகுதான் தெரிந்தது. எச்சில் தாடையில் வழிந்தது. துடைக்கவில்லை.

அவன் எழுந்தான். வெளியே இருப்பவர்களிடம் போய், தூங்குகிறாள் என்று சொல்ல வேண்டும்.

சட்டையைப் பிடித்து நிறுத்தினாள். கதவைக் காட்டினாள். உள்ளே வரட்டும் என்று கையை அசைத்தாள்.

நான்கு பேர் வந்தார்கள். யாரும் சொல்லாமலே செருப்பை வாசலில் விட்டுவிட்டு வந்தார்கள். கட்டிலைச் சுற்றி நின்றார்கள். குழாயைப் பார்த்தார்கள். தரையைப் பார்த்தார்கள்.

அவள் தலைப்பை எடுத்தாள்.

வாயைத் திறந்தாள்.

சந்தனமாரிதான் முதலில் குனிந்தாள். பிறகு மற்றவர்கள், ஒருவர் தோளைப் பிடித்து ஒருவர், கிணற்றுக்குள் பார்ப்பவர்களைப் போல.



சந்தனமாரி மெல்ல நிமிர்ந்தாள். வளையல்களை மேலே தள்ளிவிட்டு, தன் இடது முன்கையைத் திருப்பிப் பார்த்தாள்.

பார்த்துக்கொண்டே நின்றாள்.

அடுத்தவள் தன் வளையல்களைத் தள்ளினாள்.