கையுறைக்குள் ஒரு கை

"மறுபடியும் கொந்தளிச்சிருக்கு!"

ஜெயசித்ரா மேடம் சோதனை முடிவை மேசை மேல் வீசினார். எதிரே நின்ற ஆய்வு மாணவி மஞ்சுவின் தலை தாழ்ந்தது.

மக்காச்சோள மாவிலிருந்து கண்ணுக்குத் தெரியாத நுண்துகள் செய்து, அதில் மருந்தேற்றி ரத்தத்தில் அனுப்புவதுதான் அந்தப் பெரம்பலூர்க் கல்லூரியின் ஆய்வு. ரத்தத்தின் வெள்ளை அணுக்கள் துகளைக் கண்டும் காணாமலும் விட்டுவிட வேண்டும். அவையோ ஒவ்வொரு முறையும் பகைவனைக் கண்டதுபோலப் பொங்கி எழுந்தன.

"மாவுல தப்பில்ல. செய்யிற கையிலதான் தப்பு."

"கிளவுஸ் போட்டுத்தான் செய்யிறேன், மேடம்."

"கிளவுஸுக்குள்ள இருக்கிறது உன் கைதானே? சுத்தமெல்லாம் பரம்பரையா வரணும்மா. உங்க தெருவுல யாரு சொல்லிக் குடுத்திருக்கப் போறா?"

பக்கத்து மேசையில் வேலையாக இருந்த சக மாணவன் ரஞ்சித்குமார் திடுக்கிட்டு நிமிர்ந்தான்.

குரும்பலூரில் அவள் தெருவிலிருந்து முனைவர் பட்ட ஆய்வு வரை வந்த முதல் பெண் மஞ்சு. தாழ்ந்திருந்த தலையை நிமிர்த்தினாள்.

"எல்லாத்தையும் தனித்தனியா சோதிச்சுடலாம், மேடம். என் கையையும் சேர்த்து."

"தாராளமா. உன் கைதான்னு வந்துட்டா, வேற வழிகாட்டியப் பார்த்துக்க."

எல்லாவற்றிலும் மாதிரி எடுத்துத் திருச்சி ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். வெள்ளிக்கிழமை முடிவு வந்தது. ரஞ்சித்குமார்தான் படித்தான்.

"மாவு சுத்தம். கிளவுஸ் சுத்தம். மஞ்சு கையும் சுத்தம். மாவு கரைக்கிற தண்ணி பாட்டில்லதான் மேடம் கோளாறு. பாக்டீரியாவோட சக்கை கலந்திருக்கு. அதைப் பார்த்துத்தான் அணுக்கள் பொங்கியிருக்கு."

"என்னய்யா உளர்ற? சீல் வச்சு வர்ற தண்ணி அது! கொதிக்க வேற வைக்கிறோம்!"

"கொதிச்சா பாக்டீரியா செத்துடும் மேடம். அதோட சக்கை போகாதாம்."

"அப்ப, பாட்டிலைத் திறந்ததுக்கப்புறம் யாரோ வேற தண்ணியக் கலந்திருக்காங்க," என்றாள் மஞ்சு.

மேடத்தின் முகம் வெளிறியது. அவர் பார்வை, மூலையில் சாமி படத்துக்கு முன்னால் மூடி வைத்திருந்த சின்னஞ்சிறு செம்பின் மேல் போய் நின்றது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டார் அந்த வேதியியல் பேராசிரியை.

"எங்க வீட்டுப் பூஜைத் தீர்த்தம்தான்... எப்படியும் கொதிக்க வைக்கிறதுதானேன்னு, நீ போனதும் தினமும் ரெண்டு சொட்டு விட்டேன்..."

"எதுக்கு, மேடம்?"

"நீ தொட்ட தீட்டுக் கழியட்டும்னு."