பெரியவர் அசையும் வரை

“இன்னொரு தடவை பாப்பிப் பூ இல்லாம என் கண்ணுல பட்டே, ஹெட்டி, ஏப்ரனைக் கழட்டி வச்சிட்டு நேரா வீட்டுக்குப் போயிடலாம்!”

மேனேஜர் கிம்பர் போட்ட சத்தம் ரொட்டி அலமாரி வரை கேட்டது. போரில் இறந்த வீரர்கள் நினைவாக எல்லாரும் நெஞ்சில் குத்திக்கொள்ளும் அந்தச் சிவப்புப் பூ, அவர் கோட்டில் சாஸர் அளவுக்கு, கல் பதித்து மினுக்கிக்கொண்டிருந்தது. ஆனால் கடை வாசலில் காகிதப் பாப்பிப் பெட்டியோடு இருந்த முன்னாள் வீரர்கள் நிதி உண்டியலில் அவர் ஒரு காசு போட்டு ஹெட்டி பார்த்ததில்லை.

“நான் தொலைக்கல சார். அதுவா விழுது. இந்த வழுக்கற நைலான்ல ஊக்கு நிக்கவே மாட்டேங்குது.”

“மத்தவங்களுக்கு மட்டும் நிக்குதே? நாட்டுக்காகச் செத்தவங்களை மதிக்காதவங்களுக்கு என் கடையில இடம் இல்ல. உன்னை வேலையில வச்சுக்கறதா வேண்டாமான்னு இன்னைக்கு சாயங்காலம் முடிவு பண்ணணும். பார்த்துக்கோ.”

ஹெட்டி பல்லைக் கடித்துக்கொண்டு கல்லாவுக்குப் போனாள். இந்த வேலையும் போனால் அறையைக் காலி செய்துவிட்டு அம்மா வீட்டு சோபாவில்தான் படுக்க வேண்டும். அந்த சோபாவில் அம்மாவின் புதுப் புருஷன் ராத்திரி பகலாகக் கால்பந்து பார்த்துக்கொண்டிருப்பான்.

பதினோரு மணி ஆனது. நவம்பர் பதினொன்று, போர் நினைவு நாள். ஒலிபெருக்கியில் கிம்பர் தொண்டையைச் செருமினார். “வாடிக்கையாளர்களே, இரண்டு நிமிட மௌனம்.”

கடை அப்படியே உறைந்தது. தள்ளுவண்டிகள் நின்றன. எல்லாத் தலைகளும் குனிந்தன. ஹெட்டியும் குனிந்தாள். அப்போதுதான் கவனித்தாள், நெஞ்சில் பூ இல்லை.

கிம்பர் நாலடி தள்ளிக் கண்மூடி நிற்கிறார். மௌனம் முடிந்து கண்ணைத் திறந்தால் முதலில் தெரிவது அவள் ஏப்ரன்தான்.

இரண்டு நிமிடம் முடிந்தது. யாரும் அசையவில்லை.

கிம்பர் ஒற்றைக் கண்ணைத் திறந்து மைக்கை எடுத்தவர், வாசல் பக்கம் பார்த்துவிட்டு அப்படியே கீழே வைத்தார். பாப்பிப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர் நின்றுகொண்டிருந்தார். கோட்டு நிறையப் பதக்கங்கள். விறைத்த முதுகு. இடுப்புக்குக் கீழே இரண்டு பக்கமும் இறுக ஒட்டிய கைகள். குனிந்த தலை.

“முடிஞ்சிருச்சு இல்ல?” என்று பக்கத்துக் கல்லா மேவிஸ் கிசுகிசுத்தாள்.

“ஷ்ஷ்!” கிம்பர் சீறினார். “போருக்குப் போய் வந்தவரு. அவர் அசையறதுக்கு முன்னாடி யாரும் அசையக் கூடாது.”

யாரும் அசையவில்லை. உறைந்த பட்டாணிப் பாக்கெட் ஒன்று ஒரு பெண்ணின் கையில் இளகிச் சொட்டியது. தும்மலை அடக்கிய ஒருவர் முகம் பீட்ரூட் ஆனது. யாருடைய போனோ டிஸ்கோ பாட்டுப் பாட, அதன் சொந்தக்காரர் அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டார்.

கிம்பர் மறுபடி கண்ணை மூடியதும், ஹெட்டி ஒரு முட்டைக்கோஸை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நகர ஆரம்பித்தாள். ஷூ ‘கீச்’ என்றது. கழற்றிவிட்டு வெறும் காலுறையோடு பூனை மாதிரி நடந்தாள்.

பெட்டியில் ஒரே ஒரு பூதான் மிச்சம். எடுத்தாள். ஓசியில் எடுக்க மனசு வரவில்லை. சட்டைப்பையில் இருந்த காசை உண்டியலில் போட்டாள்.

டணங்!

கடைக்கே தூக்கிவாரிப் போட்டது. பெரியவர் மட்டும் அசையவே இல்லை.

ஹெட்டி அவசரமாகப் பூவைக் குத்திக்கொண்டாள். அப்பாடா, தப்பித்தோம். திரும்பினாள்.

“ஸ்ஸ்... கண்ணு!”

பெரியவரின் உதடு லேசாக அசைந்தது. ஹெட்டி பக்கத்தில் போனாள். அவர் அவள் காதில் ஏதோ சொன்னார். அவர் நெற்றியெல்லாம் வியர்வை. கண்ணில் நீர் தளும்பியது.

ஹெட்டி அவரைப் பார்த்தாள். தன் பூவைப் பார்த்தாள். தூரத்தில் அரைக்கண்ணால் நோட்டம் விட்டுக்கொண்டிருந்த கிம்பரையும் பார்த்தாள். ‘போனா போகுது போ’ என்று பூவை ஊக்கோடு கழற்றிப் பெரியவர் கையில் வைத்தாள்.

பெரியவர் மெல்லச் சுவர்ப் பக்கம் திரும்பினார். அவர் கைகள் கோட்டுக்குள் போயின. நீளமாய் ஒரு பெருமூச்சு. பிறகு நிமிர்ந்து, காலடியில் இருந்த தன் கூடையை எடுத்துக்கொண்டு, கம்பீரமாக வெளியே நடந்தார்.

கடை முழுக்கக் கைதட்டியது. மேவிஸ் மூக்கைச் சிந்தினாள்.

கிம்பர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார். “எல்லாத்தையும் பார்த்தேன் ஹெட்டி. இருந்த கடைசிப் பூவையும் அவருக்குக் குடுத்துட்டியே! அவர் அதை நெஞ்சுக்குப் பக்கத்துல வச்சுக்கிட்டாரு. என்ன மனசும்மா உனக்கு! இனிமே உன் வேலை நிரந்தரம்.”

“மைக்ல சொல்லுங்க சார்.”

மைக்கில் சொன்னார். மறுபடியும் ஒரு கைதட்டல்.

கிம்பர் மைக்கை அணைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “அப்படி என்ன சொன்னாரு உன் காதுல? பாவம், யாரைப் பறிகொடுத்தாராம்?”

“யாரையும் இல்ல சார்,” என்றாள் ஹெட்டி, ஷூவை மாட்டிக்கொண்டே. “வயித்தை எக்கிக்கிட்டு விறைப்பா நின்னாராம், மூச்சை விட்டதும் பேண்ட் பொத்தான் தெறிச்சுப் போச்சாம். ‘கையை விட்டா இறங்கிடும் கண்ணு, உங்க மேனேஜர் இந்த மௌனத்தை எப்பத்தான் முடிப்பாரு, ஒரு ஊக்கு இருந்தா குடேன்’னு கெஞ்சினாரு.”