கோட்டை வாசல் கவர்

"முதல் நாள் முத்திரையை மட்டும் குத்திக் கையில குடுன்னு சொன்னேனேம்மா. தபால் பையில போட்டுட்டியா?"

தென் கொரியாவின் சுவோன் நகரத் தபால் நிலையம் ஒன்றில், பெரியவர் கில்சு கவுண்டருக்குள் எட்டிப் பார்த்துக் கேட்டார்.

"தெரியாம போட்டுட்டேன் ஐயா. வண்டியும் கிளம்பிடுச்சு," என்றாள் கவுண்டரில் இருந்த ஆரான். "உள்ள முக்கியமா ஏதாவது இருந்துச்சா?"

"ஒண்ணுமில்ல. வெறும் கவர்தான்."

"அப்ப வேற கவர்ல குத்தித் தரேன். அதே கோட்டை வாசல் ஸ்டாம்பு."

"ஸ்டாம்பு கிடக்கட்டும். அந்தக் கவர் போய்ச் சேரக் கூடாது."

அதிபர் படமோ அரண்மனைப் படமோ, எந்தப் புது ஸ்டாம்பு வெளியானாலும் அன்றே கவரில் ஒட்டி, அவர் ஒரே முகவரியைத்தான் எழுதுவார். வெளியான நாளின் முத்திரையை வாங்கி ஆல்பத்தில் வைத்துவிடுவார். ஒன்றைக்கூட அனுப்பியதில்லை.

வாரக் கடைசியில் போன் அடித்தது. சண்டை போட்டுப் போய், வருடக்கணக்காகப் பேசாத மகன்.

"அப்பா, கவர்ல ஒண்ணுமே இல்லையே. என்ன சொல்ல வந்தீங்க?"