சாயாத ஓர் எழுத்து

சங்கரன்கோவிலில் கல்யாண பேனர் என்றாலே ஞானதுரை கம்ப்யூட்டரில் உருவாக்கிய தடித்த சாய்வெழுத்துதான். அந்தக் கல்யாணங்களுக்கு அவரை மட்டும் யாரும் கூப்பிடுவதில்லை. வீட்டில் பேச்சுத்துணைக்கும் ஆள் கிடையாது.

அன்று ஃப்ளெக்ஸ் கடை லிங்கேஷ் போனில் கத்தினான்.

“அண்ணாச்சி, உங்க எழுத்துல ‘ஞா’ மட்டும் சாயாம நட்டுக்க நிக்கி. பார்ட்டி சண்டைக்கு வாராங்க.”

“அபூர்வமா வார எழுத்துதானேன்னு அப்படியே விட்டுட்டேன்டே. யாருக்கு வேணும் அது?”

“பொண்ணோட இனிஷியல் அண்ணாச்சி. ‘இருபது வருஷமா எட்டிப் பாக்காத மனுஷனுக்கு பேனர்ல என்ன இடம், எடுத்துருங்க’ன்னு அவங்க அம்மா சொல்லுதாங்க. அந்தப் பிள்ளைதான் விடமாட்டேங்கு. இனிஷியல் இல்லாட்டி பேனரே வேண்டாமாம்.”

ஞானதுரை போனைக் காதோடு சேர்த்து அழுத்திக்கொண்டார்.

“பொண்ணு பேரு?”

“சுகிர்தா.”

“சாயங்காலத்துக்குள்ள அனுப்புதேன்.”

ஒற்றை எழுத்துக்காக மத்தியானச் சாப்பாட்டையும் மறந்து உட்கார்ந்தார். அழித்தார், வரைந்தார், திரும்பவும் அழித்தார்.

“ஒருநாள் பேனருக்கு இவ்வளவு மெனக்கெடுதீங்களே!” என்று, எழுத்து வந்து சேர்ந்ததும் லிங்கேஷ் போனில் சிரித்தான்.

கல்யாணத்தன்று மண்டபத்துக்கு எதிர்ச்சாரியில் நின்று பேனரை அண்ணாந்து பார்த்தார் ஞானதுரை. ‘ஞா. சுகிர்தா’ என்றிருந்தது. உள்ளே மேளம் கொட்டியது. அவர் ரோட்டைக் கடக்கவில்லை.

பேனரில் மட்டும், அவர் பெயரின் முதல் எழுத்து மகளின் பெயர்ப் பக்கமாகச் சாய்ந்து நின்றது.