ஜட்ஜ் வீட்டு பிரேக்

"எல்லாம் உன்னாலதான்!"

காருக்கு அடியில் படுத்திருந்த மெக்கானிக்குக்குப் பகீரென்றது. தலையைத் தூக்கி இரும்பில் நங்கென்று இடித்துக்கொண்டான். நல்லவேளை, ஜட்ஜ் ஐயா திட்டியது அவனை அல்ல, தன் மனைவியை.

"காலையில காரைத் துடைக்கிறேன்னு உள்ளே உக்காந்து அந்த பிரேக் பட்டனை நோண்டியிருக்கே. அது காலிங் பெல்லா? சும்மா சும்மா அமுக்கினா சிக்காம என்ன செய்யும்?"

ஜட்ஜ் வீட்டு அம்மா போர்ட்டிகோ தூணைப் பிடித்தபடி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஐயா முப்பது வருடம் தீர்ப்பு சொல்லி ரிடையர் ஆனவர். வாய் மட்டும் இன்னும் ரிடையர் ஆகவில்லை. வீட்டில் அப்பீலுக்கும் வழியில்லை.

ஆனால் குற்றவாளி யாரென்று மெக்கானிக்குக்குத் தெரியும். அவனேதான்.

போன வாரம் இதே காருக்குப் புது பிரேக் பேட் மாட்டியவன் அவன். இந்தக் காரில் ஹேண்ட் பிரேக்குக்குப் பதில் ஒரு பட்டன்தான்; அதை அழுத்தினால் பின் சக்கரங்களில் இருக்கும் சின்ன மோட்டார் பிரேக்கைப் பிடிக்கும், விடும். பேட் மாற்றும்போது கம்ப்யூட்டரை இணைத்து அந்த மோட்டாரைப் பின்னுக்கு ஓட்டிவிட வேண்டும். அன்றைக்குக் கம்ப்யூட்டர் வேறொரு ஷெட்டுக்கு இரவல் போயிருந்தது. யார் பார்க்கப் போகிறார்கள் என்று கிளாம்ப் என்ற இரும்புப் பிடியைப் போட்டு முறுக்கி அதைப் பலவந்தமாகப் பின்னுக்குத் தள்ளிவிட்டான். உள்ளே 'டக்'கென்று ஏதோ கேட்டது. கேட்காத மாதிரி இருந்துவிட்டான்.

இன்று காலை, கார் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை என்று போன் வந்ததும் அந்த 'டக்' மறுபடியும் காதுக்குள் கேட்டது. வழக்கமாக ஃபியூஸிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொன்றாகப் பார்ப்பவன், இன்று எதையும் பார்க்காமல் நேரே பின் சக்கரத்துக்கு அடியில் புகுந்துவிட்டான்.

"பதினோரு மணிக்கு நான் கிளம்பணும்," என்றார் ஐயா. "பேத்திக்கு லீவு விட்டாச்சு. மூணு மணி நேரம் ஓட்டிட்டுப் போய் அவளைக் கூட்டிட்டு வரணும். புள்ள பையைத் தூக்கி வெச்சுக்கிட்டுக் காத்துக்கிட்டிருக்கும்."

"இந்த டார்ச்சைக் கொஞ்சம் பிடிங்க சார்."

ஐயா பிடித்தார். வெளிச்சம் ஒரு முழம் தள்ளி டயரில் விழுந்தது.

"அங்க இல்ல சார், இந்தப் பக்கம்."

"சரியாத்தான்யா பிடிச்சிருக்கேன். நீ வேலையைப் பாரு!"

கோபத்தில் இருப்பவரிடம் என்ன பேசுவது? டார்ச்சை வாங்கி வாயில் கவ்விக்கொண்டான். வண்டி உருளாமலிருக்க முன் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்திருந்தான். போல்ட்டுகளைக் கழற்றி மோட்டாரை வெளியே எடுத்தான். அது இருந்த இடத்தில் தெரிந்த திருகை ஸ்பேனர் போட்டுக் கையாலேயே பின்னுக்குச் சுற்றினான். பேட் விலகியது, சக்கரம் தளர்ந்தது. மறுபக்கமும் அதே வேலை.

"விட்டுடுச்சா? அப்போ நான் கிளம்பறேன்." ஐயா சாவியை எடுத்துவிட்டார்.

"இல்ல சார். மோட்டார் இல்லாம வண்டியை ரோட்டுல எடுக்கக் கூடாது. டோயிங் வண்டி வந்து ஏத்தணும்னுதான் பிரேக்கை விடுவிச்சேன். ஷெட்டுல மூணு நாளாவது ஆகும்."

"பாத்தியா?" ஐயா மனைவி பக்கம் திரும்பினார். "நீ கை வெச்சா எதுதான் விளங்கியிருக்கு? புள்ளைக்கு நீயே போன் பண்ணு. நான்தான் காரைக் கெடுத்தேன்னு உன் வாயாலேயே சொல்லு!"

அம்மாவின் கண் கலங்கியது. மெக்கானிக் ஸ்பேனரைக் கீழே வைத்தான். வாயை மூடிக்கொண்டிருந்தால் தப்பித்தான். ஷெட் திறந்து ஆறு மாதம்தான் ஆகிறது. வரும் வண்டிகளில் பாதி ஐயா சொல்லி வருபவை. உண்மையைச் சொன்னால் நாளையிலிருந்து ஈ ஓட்ட வேண்டியதுதான். ஆனால் செய்யாத தப்புக்கு ஒரு பெரிய மனுஷி தலைகுனிந்து நிற்பதை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருப்பது?

"சார், அம்மாவைத் திட்டாதீங்க. தப்பு என்னோடது." கிளாம்ப் போட்டதையும் 'டக்'கென்று கேட்டதையும் ஒன்று விடாமல் ஒப்பித்தான். "மோட்டாரை என் செலவுல மாத்தித் தர்றேன் சார்."

ஐயா சாவியைப் பையில் போட்டார். அப்புறம் தீர்ப்பு வந்தது.

"உன்னை நம்பி எத்தனை பேரை அனுப்பினேன்! இனிமே ஒருத்தனையும் அனுப்ப மாட்டேன். வண்டியைச் சரி பண்ணிக் கொடுத்துட்டுப் போயிடு. அதுக்கப்புறம் இந்த வாசலை மிதிக்காதே."

கதவை அறைந்து சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

டோயிங் வண்டிக்குப் போன் செய்துவிட்டு, மோட்டார்களைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு மெக்கானிக் கேட்டைத் தாண்டினான். பிழைப்பில் மண் விழுந்தாலும் நெஞ்சில் இருந்த பாரம் இறங்கிவிட்டிருந்தது. செருப்புகூடப் போடாமல் அம்மா பின்னாலேயே ஓடி வந்தார். மூடியிருந்த கையை அவன் முன்னால் விரித்தார். உள்ளங்கையில் ஒரு குட்டி ஃபியூஸ்.

"மோட்டாருக்கு ஒண்ணும் ஆயிருக்காது தம்பி. இது அந்த பிரேக் மோட்டாரோட ஃபியூஸ். கார் புத்தகத்தைப் பாத்து இதை நான்தான் காலையில பிடுங்கினேன். நீங்க பழியைத் தூக்கித் தலையில போட்டுக்குவீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்? உங்க பேரை நானே சரி பண்ணிடறேன். புள்ளையை அவ அப்பா ரயில்ல கூட்டிட்டு வந்துடுவான். அதுவரைக்கும் வண்டியைத் திருப்பிக் கொடுத்துடாதீங்க."

மெக்கானிக் வாயைப் பிளந்தான். "ஏம்மா இப்படி? இதுக்காகவா அவ்வளவு திட்டையும் வாங்கிக்கிட்டு நின்னீங்க?"

"ரெண்டு மாசமா சொல்லிப் பாத்துட்டேன். ஒத்துக்கவே மாட்டேங்கறாரு." அம்மா வீட்டுப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

"அவருக்குக் கண்ணு தெரியலை தம்பி."